எண்ட்கேமில் கட்டாய மேட்: செஸ் எஞ்சின்களைச் சோதிப்பது எப்படி?

கேள்வி இதுதான். ஒருவர் சில டஜன் எண்ட்கேம் (காய்கள் குறைந்த இறுதிக்கட்ட) நிலைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்து மூன்று செஸ் எஞ்சின்களை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரல்களை, ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே நிலைக்கு முதலாவது எஞ்சின் "19ல் மேட்" என்கிறது, இரண்டாவது "24ல் மேட்" என்கிறது, மூன்றாவது மேட் என்ற பேச்சே இல்லாமல் +58 என்று காட்டி நிற்கிறது. இவற்றில் எது சிறந்தது, இப்படிச் சோதிப்பது சரியா என்று கேட்கிறார்.

இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து எது சிறந்தது என்று சொல்ல முடியாது. மூன்றும் வெவ்வேறு வகையான பதில்கள். +58 என்பது மதிப்பீடு. "வெள்ளை வெல்லும் என்று நினைக்கிறேன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. "24ல் மேட்" என்பது நிரூபணம்: கருப்பு எப்படி ஆடினாலும் 24 நகர்வுக்குள் மேட் உண்டு என்ற உறுதி. 24க்கு முன்பே மேட் கிடையாது என்று அது சொல்லவில்லை. ஆகவே 19, 24 இரண்டுமே சரியாக இருக்கலாம். உண்மையான மிகக் குறுகிய மேட் 17 ஆகவும் இருக்கலாம். மேட் இருக்கிறது என்று காட்டுவது, மிகக் குறுகிய மேட்டைக் காட்டுவது, நிலையை வென்று முடிப்பது ஆகிய மூன்றும் தனித்தனித் திறமைகள். எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் ஓட்டினால் கிடைக்கும் பட்டியலுக்குப் பொருள் இருக்காது.

ஒரு சின்ன நிலையை எடுத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். வெள்ளை ராஜா சி2, குதிரை டி3. கருப்பு ராஜா ஏ2, சிப்பாய் ஏ3. வெள்ளையின் முறை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, அலெப்போவைச் சேர்ந்த ஃபிலிப் ஸ்டம்மாவின் பெயரால் வழங்கும் மேட் இது. குதிரை பி4க்கு வந்து செக் கொடுக்கிறது. கருப்பு ராஜாவுக்கு பி1, பி2, பி3 மூன்றும் வெள்ளை ராஜாவால் அடைபட்டிருக்கின்றன, ஏ3ல் சொந்தச் சிப்பாய் நிற்கிறது. ஏ1 ஒன்றுதான் வழி. அடுத்து வெள்ளை ராஜா சத்தமில்லாமல் சி1க்குப் போகிறது. இப்போது ஏ2வைக் குதிரை காக்கிறது, பி1ஐயும் பி2வையும் ராஜா காக்கிறது. கருப்புக்கு மிஞ்சியிருப்பது சிப்பாயை ஏ2க்குத் தள்ளுவது மட்டும்தான். அப்படித் தள்ளியதும் குதிரை சி2வுக்கு வருகிறது, மேட்.

3ல் மேட் உண்டு என்று நிரூபிக்க இந்த ஒரே வரிசை போதும், ஏனென்றால் கருப்புக்கு இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான். ஆனால் 2ல் மேட் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் தொடக்க நிலையில் வெள்ளைக்கு இருக்கும் 12 நகர்வுகளையும், ராஜாவின் நான்கையும் குதிரையின் எட்டையும், ஒவ்வொன்றாக எடுத்து, கருப்புக்கு அதில் தப்பும் வழி ஒன்றாவது உண்டு என்று காட்ட வேண்டும். நாலு காய் நிலையில் இது கண்சிமிட்டும் நேர வேலை. பத்துப் பன்னிரண்டு காய்களும் 20 நகர்வு ஆழமும் இருக்கும் நிலையில், மேட்டைக் கண்டுபிடிப்பதற்கும் அதுதான் மிகக் குறுகியது என்று உறுதி செய்வதற்கும் இடையிலான தூரம் மிகப் பெரிது. ஆட்டம் ஆடுவதற்காக எழுதப்பட்ட எஞ்சின்கள் இரண்டாவது வேலைக்கு உத்தரவாதம் எதுவும் கொடுப்பதில்லை. முதல் மேட்டைக் கண்ட பிறகு அதைவிடக் குறுகிய மேட்டைத் தரவே முடியாத கிளைகளை வெட்டிவிட்டு, மீதியில் தேடுவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அதே நிலையை நீண்ட நேரம் ஓடவிட்டால் 24 என்றிருந்தது 21 ஆகி, பிறகு 19 ஆகிறது. சோதனையில் முதல் மேட் எப்போது வந்தது, மிகக் குறுகிய மேட் எப்போது வந்தது என்ற இரண்டு நேரங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே நிலையை வைத்து இன்னொன்றையும் பார்க்கலாம். வெள்ளை ராஜா சி1க்குப் போனதும் கருப்புக்கு "நான் ஆடவில்லை, நீயே ஆடு" என்று சொல்ல அனுமதி இருந்தால் என்ன ஆகும்? குதிரை சி2வில் செக் கொடுக்கும், ராஜா ஏ2க்கு நழுவிவிடும், மேட் இல்லை. ஆட வேண்டிய கட்டாயம்தான் கருப்பைக் கொல்கிறது. இதுதான் சுக்ஸ்வாங். எஞ்சின்களின் வேகத்துக்கு முக்கியக் காரணமான நல்-மூவ் வெட்டு நேர் எதிரான அனுமானத்தில் நிற்கிறது: ஒரு பக்கம் தன் முறையை விட்டுக்கொடுத்த பிறகும் அதன் நிலை நன்றாகவே இருந்தால், உண்மையில் ஆடினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், எனவே அந்தக் கிளையை ஆழமாகத் தேட வேண்டாம் என்பது அதன் வாதம். நடு ஆட்டத்தில் இது பெரும்பாலும் உண்மை. எண்ட்கேமில் அடிக்கடி பொய்.

எஞ்சின் எழுதுபவர்களுக்கு இது தெரியும். முறை உள்ள பக்கத்திடம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே இருந்தால் நல்-மூவை அணைத்துவிடுவது பழைய வழக்கம். ஸ்டம்மா நிலையில் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யும். ஆனால் கருப்புக்கு ஏதோ ஒரு மூலையில் நகர வழியில்லாமல் அடைபட்ட பிஷப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுக்ஸ்வாங் அப்படியே இருக்கும், பாதுகாப்பு மட்டும் போய்விடும், ஏனென்றால் கணக்குப்படி கருப்பிடம் சிப்பாய் அல்லாத காய் ஒன்று இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்கள் அதிக ஆழத்தில் இதற்கென ஒரு சரிபார்ப்புத் தேடலை வைத்திருக்கின்றன. அதற்கும் நேரம் செலவாகும். அடைபட்ட காய்களோடு கூடிய சுக்ஸ்வாங் நிலைகள் உங்கள் தொகுப்பில் அவசியம் இருக்க வேண்டும். எஞ்சின்களுக்கு இடையிலான வேறுபாடு இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

செக் கொடுக்காத, எதையும் வெட்டாத அமைதியான நகர்வுகளுக்கும் இதே கதி. எஞ்சின் தான் அலசும் வரிசையில் பின்னால் வைக்கும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில்தான் முதலில் பார்க்கும். ராஜா ஒரு கட்டம் விலகிச் செல்வது, சிப்பாய் ராணியாகாமல் குதிரையாகவோ யானையாகவோ மாறுவது, இரண்டு நகர்வு கழித்து மட்டுமே பொருள் விளங்கும் பலி ஆகியவை எல்லாம் அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆட்டத்தில் வெற்றிப் புள்ளி சேர்க்க இந்தக் குறைப்பு பெரிய லாபம். மேட் தேடலுக்கு அது செலவு. எஞ்சினின் பலத்தையும் மேட் தேடும் திறனையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஒரு பதிப்பு ஆட்டத்தில் முந்தையதைவிடத் தெளிவாகப் பலம் கூடியிருந்தும், அதே மேட் தொகுப்பில் குறைவாகக் கண்டுபிடிப்பது நடக்கக்கூடியதே. அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

இனி நிலைகளைத் தேர்வது. ராஜா ராணியை வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வதற்கு அதிகபட்சம் 10 நகர்வு, யானை என்றால் 16, இரண்டு பிஷப் என்றால் 19, பிஷப்பும் குதிரையும் என்றால் 33. முதல் இரண்டும் எஞ்சினைப் பற்றி எதுவுமே சொல்லாது. தொகுப்பில் இடம் அடைப்பதோடு சரி. பிஷப்–குதிரை மேட் சுவையானது. பழைய ஸ்டாக்ஃபிஷில் எதிரி ராஜாவைச் சரியான நிற மூலைக்குத் துரத்தும் அறிவு கையால் எழுதப்பட்டிருந்தது. 2020ல் வந்த 12ஆம் பதிப்பில் நியூரல் வலை மதிப்பீடு நுழைந்தது. 2024 தொடக்கத்தில் வந்த 16.1ல் கையால் எழுதிய மதிப்பீடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆகவே பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் டேபிள்பேஸ் (சில காய்களே உள்ள எல்லா நிலைகளுக்கும் விடையை முன்பே கணக்கிட்டு வைத்த தொகுப்பு) இல்லாமல் இந்த மேட்டில் ஓட்டினால், மனிதர் எழுதிவைத்த விதியையும் வலை தானே கற்றதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ராணிக்கு எதிராக யானை என்றால் மேட்டுக்கு 35 நகர்வு வரை போகும். இரண்டு குதிரைகளுக்கு எதிராக ஒரு சிப்பாய் இருந்தால் 115 வரை. இங்கே ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது: 50 நகர்வு விதி. சிப்பாய் நகராமல், எந்தக் காயும் வெட்டப்படாமல் இரு பக்கமும் 50 நகர்வு ஆடினால் டிரா கேட்கலாம். 75 ஆனால் கேட்காமலே டிரா. எஞ்சின்கள் 50லேயே டிரா என்று எடுத்துக்கொள்ளும். டேபிள்பேஸ்களில் பழையவை இந்த விதியைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒற்றைக் குதிரை என்ற எண்ட்கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 1851ல் கிளிங்கும் ஹார்விட்ஸும் காட்டிய ஒரு தற்காப்பு அமைப்பை வைத்து, நூறாண்டுக்கு மேலாக இது டிரா என்றே நம்பினார்கள். 1980களில் கென் தாம்ப்ஸன் கணினியில் எல்லா நிலைகளையும் பின்னோக்கிக் கணக்கிட்டு, பொதுவாகப் பிஷப்கள் வெல்லும் என்று காட்டினார். குதிரையைப் பிடிக்கவே 66 நகர்வு வரை தேவைப்படலாம், மேட்டுக்கு 78. அப்படிப்பட்ட நிலையில் டேபிள்பேஸ் "78ல் மேட்" என்கிறது, எஞ்சின் டிராவை நோக்கி எண்ணைக் குறைக்கிறது. இரண்டும் தத்தம் விதிப்படி சரி. இதை எஞ்சினின் தோல்வி என்று குறித்தால் தவறு சோதித்தவருடையது. (சில எண்ட்கேம்களுக்கு மட்டும் இந்த வரம்பை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒரு காலத்தில் நீட்டி வைத்திருந்தது. 1992ல் அந்த விலக்குகள் நீங்கின.) நிலையை ஃபென் வரியாக (ஒரு நிலையை ஒரே வரியில் குறிக்கும் முறை) எழுதும்போது அதன் கடைசிக்கு முந்தைய எண்ணையும் பாருங்கள். அதுதான் இந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்கிறது. அது அரை நகர்வுகளில் இருக்கும், அதாவது ஒரு பக்கம் ஒரு முறை ஆடினாலே ஒன்று கூடும். ஆட்டத்திலிருந்து வெட்டியெடுத்த நிலையில் அது 74 என்றிருந்தால், 20 நகர்வு மேட் கூட நடுவில் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாவிட்டால் மறைந்துபோகும்.

டேபிள்பேஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனைகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இப்போது பரவலாக இருப்பது ரொனால்ட் டி மான் 2013ல் வெளியிட்ட சிசிஜி. ஆறு காய் வரை சுமார் 150 ஜிபி. 2018ல் முடிந்த ஏழு காய்த் தொகுப்பு 17 டிபிக்கு மேல். சிசிஜி இரண்டு செய்திகளைத்தான் தரும்: வெற்றியா டிராவா தோல்வியா என்பது, அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வுக்கு எவ்வளவு தூரம் என்பது. மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்பது அதில் கிடையாது. எஞ்சினில் சிசிஜி பாதையைக் கொடுத்துவிட்டு மேட் சோதனை ஓட்டினால், மேட் எண்ணுக்குப் பதில் "இது வெற்றி" என்பதைக் குறிக்கும் ஒரு பெரிய மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு எஞ்சின் நிம்மதியாக இருந்துவிடலாம். 50 நகர்வுக் கணக்கைப் பூச்சியமாக்கும் வழி சுருக்கமாக இருந்தால், சும்மா ஒரு காயைக் கொடுத்தாவது அந்த வழியில் போகும் ஆட்டத்தையும் பார்க்கலாம். வெற்றி கெடாது, மேட் மட்டும் தள்ளிப்போகும். எனவே கண்டுபிடிக்கும் திறனைச் சோதிக்கும்போது சிசிஜியை அணைத்துவிடுங்கள்.

விடையைச் சரிபார்க்க மேட் தூரம் தரும் டேபிள்பேஸ் வேண்டும். ஐந்து காய் வரை கவியோட்டா, ஆறு காய் வரை நாலிமோவ். ஏழு காய்க்கு மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லொமனோசோவ் தொகுப்பு 2012ல் முடிந்தது, அளவு 140 டிபி. ஏழு காய்களில் மிக நீண்ட மேட் 549 நகர்வு என்று தெரிந்தது அதிலிருந்துதான்.

ஏழுக்கு மேல் காய்கள் இருந்தால்? அங்கே தனி மேட் தீர்ப்பான்கள் உதவும். அவை இரண்டு வகை. செஸ்ட் போன்றவை கிளைகளை வெட்டும் யூகங்கள் இல்லாமல் முறையாகத் தேடும். எனவே குறுகிய மேட் இல்லை என்பதையும் நிரூபிக்கும், ஆனால் நீண்ட மேட்டில் மூச்சு வாங்கும். 1994ல் விக்டர் அல்லிஸும் அவருடைய கூட்டாளிகளும் விவரித்த நிரூபண எண் தேடல் இரண்டாம் வகைக்கு அடிப்படை. எதிரிக்குப் பதில் நகர்வுகள் எங்கே மிகக் குறைவோ அங்கே முதலில் இறங்குவது அதன் உத்தி. செக் மேல் செக்காகப் போகும் 30, 40 நகர்வு மேட்டை அது அநாயாசமாகப் பிடிக்கும். எதிரிக்குச் சுதந்திரம் உள்ள அமைதியான எண்ட்கேமில் அந்த உத்திக்குப் பிடிமானம் கிடைக்காது.

நியூரல் வலையை நம்பி ஓடும் லீலா செஸ் ஸீரோ எஞ்சினைப் பட்டியலில் சேர்த்திருந்தால் அதற்கு வேறு அளவுகோல் வேண்டும். அதன் தேடல் சராசரிகளின் மேல் நடக்கிறது. 99.9 சதவீத வெற்றி என்று தெரிந்த பிறகு 5ல் மேட்டுக்கும் 40ல் மேட்டுக்கும் அதன் கண்ணில் வேறுபாடு மிகக் குறைவு. வென்ற நிலையில் தேவையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பழக்கத்தைக் குறைக்கவே, மீதமுள்ள நகர்வுகளைக் கணிக்கும் ஒரு கூடுதல் பகுதியை அதன் வலையில் பின்னர் சேர்த்தார்கள். உங்கள் மூன்றாவது எஞ்சின் இந்த வகையாக இருந்தால் +58ஐத் தோல்வி என்று எழுதாதீர்கள்.

ஓட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. ஸ்டாக்ஃபிஷின் இயல்பான ஹேஷ் (ஏற்கெனவே பார்த்த நிலைகளின் முடிவுகளைச் சேமிக்கும் நினைவகம்) 16 எம்பி. வினாடிக்குப் பத்து லட்சம் நிலைகளுக்கு மேல் பார்க்கும் எஞ்சினுக்கு அது நொடிகளில் நிரம்பிவிடும். நீண்ட மேட்டுக்குத் தேவையான இடைமுடிவுகள் அழிந்துகொண்டே இருக்கும். நினைவகம் அனுமதிக்கும் அளவுக்குக் கூட்டி, எல்லா எஞ்சினுக்கும் ஒரே அளவாக வையுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஹேஷைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒத்த நிலைகளில் முந்தைய விடை கசிந்து வரும். பல த்ரெட்டுகளில் (இணையாக நடக்கும் தேடல்களில்) ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருவது இயல்பு. ஒரே எஞ்சினின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட ஒரு த்ரெட்டும், நேரத்துக்குப் பதிலாக நிலைகளின் எண்ணிக்கை வரம்பும் வைத்தால் முடிவு மறுபடி மறுபடி அப்படியே வரும். வெவ்வேறு எஞ்சின்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. லீலாவின் ஒரு நிலையும் ஸ்டாக்ஃபிஷின் ஒரு நிலையும் ஒரே அளவு வேலை அல்ல. அங்கே ஒரே கணினியில் ஒரே நேரம்தான் நியாயம்.

எஞ்சினுக்குக் கட்டளை கொடுக்கப் பயன்படும் யூசிஐ நெறிமுறையில் "கோ மேட்" என்றொரு கட்டளை உண்டு. 10 என்று எண் கொடுத்தால் எஞ்சின் தனி மேட் தேடல் முறைக்கு மாறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷில் அது வழக்கமான தேடலேதான். 10க்குள் மேட் கிடைத்ததும் நிற்கும், அவ்வளவே. கிடைக்காவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், எனவே கூடவே ஒரு வரம்பும் கொடுங்கள். மேட் எண் முழு நகர்வுகளில் வரும், அரை நகர்வுகளில் அல்ல. 3ல் மேட் என்றால் ஐந்து அரை நகர்வு. தோற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். முடிவைத் தானாகப் படிக்கும் நிரல் எழுதும்போது இதைத் தவறவிட்டால் பட்டியல் முழுவதும் ஒன்று கூடியோ குறைந்தோ வரும்.

ஒற்றை நிலையில் கிடைக்கும் விடையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நகர்வு வரிசையில் ஒரு சின்ன மாற்றம், மூன்று வினாடியில் கிடைத்த மேட்டை மூன்று மணிநேரத்துக்குத் தள்ளிவிடும். பக்கத்து நிலையில் அதற்கு நேர்மாறாக நடக்கும். ஸ்டாக்ஃபிஷ் பதிப்புகளை மேட் தேடலில் ஒப்பிடப் பயன்படும் மேட்ட்ராக் தொகுப்பில் 6,500 போல நிலைகள் இருப்பது இதனால்தான். அதில் கண்ட மேட்டுகள், மிகக் குறுகிய மேட்டுகள் என்று இரண்டு எண்ணிக்கை தனித்தனியாக எடுக்கப்படுகிறது. உங்கள் பட்டியலிலும் அப்படியே வைத்து, மூன்றாவதாகப் பொய் மேட்டுகள் என்றொரு பத்தியும் சேருங்கள். தெரிந்த மிகக் குறுகிய மேட்டைவிடச் சிறிய எண்ணை எஞ்சின் சொன்னால், ஒன்று உங்கள் விடை தவறு, அல்லது எஞ்சினில் பிழை. ஹேஷில் இருவேறு நிலைகள் ஒன்றாகக் குழம்புவது, 50 நகர்வுக் கணக்கு வேறாக இருந்தபோது சேமித்த மேட்டை இன்னொரு பாதையில் எடுத்துப் பயன்படுத்துவது இரண்டும் சாத்தியமான காரணங்கள். என் கணிப்பில் ஐந்து நகர்வு கூடுதலான மேட்டைச் சொன்னது சிறு குறை. இல்லாத மேட்டை அறிவித்தது பெருங்குறை. நிரூபணம் என்று சொல்லி வந்தது பொய்யானால் அந்த எஞ்சினின் மற்ற மேட்டுகளையும் நம்ப முடியாது.

நீங்களே எஞ்சின் எழுதுபவராக இருந்தால் ஓரிடத்தை உடனே திறந்து பாருங்கள். மேட் மதிப்பெண் பொதுவாக ஒரு பெரிய எண்ணிலிருந்து தேடல் தொடங்கிய இடத்துக்கும் மேட்டுக்கும் உள்ள தூரத்தைக் கழித்து வருகிறது. ஹேஷில் வைக்கும்போது அதை அந்த நிலையிலிருந்து மேட்டுக்கு உள்ள தூரமாக மாற்றி வைத்து, எடுக்கும்போது திரும்ப மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால், எஞ்சின் "5ல் மேட்" என்று சொல்லிக்கொண்டே ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும். அடுத்த நகர்விலும் 5ல் மேட், அதற்கடுத்ததிலும் 5ல் மேட், கடைசியில் 50 நகர்வில் டிரா.

இந்தப் பிழையைப் பகுப்பாய்வுச் சோதனை காட்டாது, ஆடவிட்டால்தான் தெரியும். எனவே இரண்டாவது சோதனையாக, அதே நிலைகளில் ஒரு நகர்வுக்கு ஒரு வினாடி கொடுத்து, மேட் தூரம் தரும் டேபிள்பேஸை எதிர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அது ஒவ்வொரு முறையும் மேட்டை மிகத் தூரம் தள்ளும் நகர்வை ஆடும். எஞ்சின் எடுத்த நகர்வுகளுக்கும் டேபிள்பேஸ் சொன்ன தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். பிஷப்–குதிரை மேட்டில் மிகக் கடினமான 33 நகர்வு நிலையில் கூட 17 நகர்வு வீணடிக்க இடம் இருக்கிறது. அதற்குள் முடிக்கும் எஞ்சின், பகுப்பாய்வில் ஒரு மேட்டையும் அறிவிக்காவிட்டாலும், அந்த எண்ட்கேமை வெல்லத் தெரிந்த எஞ்சின்.